குன்று பார்க்கப் போற மருமவனுக்கு

மருமவனே,

நீயும் உன் வீட்டுக்காரியும் பாலித் தீவுக்கு டிக்கெட்டு போட்டிருக்கியளாமே? உங்க அம்மை போன்ல சொன்னா. உலுவாத்துன்னு ஒரு இடமாம், கடல்ல இருந்து செங்குத்தா எழும்பி நிக்கிற பாறையாம், உச்சியில கோயிலாம், பொழுது சாயுத நேரத்துல ஆம்பளைக வட்டமா உக்காந்து 'சக் சக்'னு ராமாயணம் ஆடுவாங்களாம். சந்தோசம். போயிட்டு வா. அங்கன உள்ள குரங்கு வாரவன் போறவன் மூக்குக்கண்ணாடியப் பிடுங்கிட்டு மேல ஏறிக்கிடும், பழம் குடுத்தாத்தான் திருப்பித் தரும். பண்டத்துக்குப் பண்டம், வட்டி கெடையாது. உன் கிரெடிட் கார்டுக்காரன விட யோக்கியமான வியாபாரம்.

ஆனா உங்க அம்மை சொன்ன ரெண்டாவது சங்கதிதான் எனக்குச் செரிக்கல. "சிங்கப்பூர்ல பாக்க என்னம்மா இருக்கு, எல்லாம் சப்பட்டை, ஒரு குன்று கெடையாது, கடலோரம் ஒரு பாறை கெடையாது"ன்னு சொன்னியாமே. ஏ கூறுகெட்டவனே, நீ தென்காசியில பொறந்து வளந்தவன். செங்கோட்டை வழியா ரயில் ஏறினா கொல்லம், கொல்லத்துல இருந்து கொஞ்ச நேரத்துல வர்க்கலா. செக்கச்செவேல்னு கடலுக்கு நேர் மேல நிக்கி குன்று. அங்க இருந்த காலமெல்லாம் ஒரு நாள் எட்டிப் பாக்கல. பாஸ்போர்ட்டு கைக்கு வந்த பொறவு பாறை மேல ஆசை வந்திருச்சு.

சரி, அதை விடு. நீ தினம் காலையில தஞ்சோங் பகார் எம்ஆர்டியில எறங்கி, கையில கோப்பிய வாங்கிட்டு மேல ஏறிப் போறியே ஒரு கண்ணாடிக் கட்டடம், அது எந்தத் தெருவுல நிக்கி? வாலிச் தெரு. அது ஒரு குன்றோட பேருலே! நதானியேல் வாலிச்சுன்னு டென்மார்க்குக்காரர் ஒருத்தர், கல்கத்தாவுல கும்பினியாரோட தாவரத் தோட்டத்தப் பாத்துக்கிட்டவர், 1822-ல இங்க வந்து ராஃபிள்ஸ் துரைக்கு செடிகொடித் தோட்டம் போட யோசனை சொன்னார். அவர் பேருல இங்கன ஒரு குன்று இருந்துச்சு. அதுக்குத் தள்ளி, கடலுக்கு மூக்க நீட்டிக்கிட்டு இன்னொரு குன்று, பாமர் குன்று. ஜான் பாமர்னு கல்கத்தா வியாபாரி பேரு. பார்சிக்காரங்க அதுல இடம் வாங்கி தங்க ஆளுகள அடக்கம் பண்ணினதுனால பார்சிக் குன்றுன்னும் சொல்லுவாங்க. ரெண்டு குன்றுக்கும் கீழ தெலுக் ஆயர் குடா. கப்பல்ல வந்தவன் கண்ணுக்கு மொதல்ல தட்டுப்பட்டது இந்தக் கரைமேடுதான்.

இப்ப எங்கன்னு கேக்கியா? கடலுக்குள்ள. 1880-கள்ல வாலிச் குன்ற வெட்டி தெலுக் ஆயர் குடாவுல கொட்டினாங்க. அடுத்த நூத்தாண்டு பொறந்த பொறவு பாமர் குன்றுக்கும் அதே கதி. நீ மத்தியானம் சாப்பிட்டுட்டு வயித்தத் தடவிக்கிட்டு ஷென்டன் வே பக்கம் நடக்கியே, அது குன்று மேல நடக்கிறதுதான், படுக்கப் போட்ட குன்று.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்த நாட்டுலயே ஒசந்த இயற்கைக் குன்று புக்கித் தீமா, 163 மீட்டர். வாலிச் தெருவுல 2016-ல எழுந்த குவோக்கோ டவர் 290 மீட்டர். வாலிச் குன்ற வெட்டிக் கடல்ல போட்டுட்டு, அது இருந்த பக்கத்துலயே அதவிட எத்தனையோ மடங்கு ஒசரத்துல கண்ணாடியில ஒண்ணக் கட்டி, அதுக்குள்ள குளுகுளுன்னு உன்னை உக்கார வச்சிருக்காங்க. நீ ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, 'குன்று இல்லையே மாமா'ன்னு சொல்லுத.

ஒரு நாள் சோலி முடிஞ்சதும் தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்து போ. ரொம்ப தூரமில்ல. நாகூர் தர்கா நிக்கி, 1828-ல தொடங்கி 1830-ல முடிச்சது. கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல், 1827-லயே ஓலைக் கொட்டகையா இருந்துச்சு, நம்ம ஆளுக குச்சுப் பள்ளின்னுதான் சொல்லுவாங்க. நடுவுல சீனவங்களோட தியான் ஹோக் கெங் கோயில். மூணும் ஒரே வரிசையில ஏன் நிக்கி? அந்த வரிசைதான் கடற்கரை. நாகப்பட்டணத்துல இருந்தும் ஃபூச்சியன்ல இருந்தும் கப்பல்ல வந்தவன் உசுரோட கால ஊனினதும் மொதல் கும்பிடு போட்ட இடம். அன்னைக்குப் படியில உக்காந்தா பாதத்துல அலை அடிக்கும். இன்னைக்கு அங்கன உக்காந்து பாரு, காப்பிக்கடையும் கண்ணாடிக் கதவுந்தான் தெரியும். தர்கா ஒரு அடி நகரல. கடல்தான் போயிருச்சு.

இப்ப காதத் தீட்டிக் கேளு. இந்தத் தீவுல ஒரு குன்றோ பாறையோ நின்ன எடத்துல நிக்கணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, மேல ஒரு அவுலியா படுத்திருக்கணும். இல்ல, மேல ஒரு பீரங்கி உக்காந்திருக்கணும். ரெண்டும் இல்லாத குன்று கடலுக்குத் தீனி. இது எந்தப் புத்தகத்துலயும் கெடையாது, நான் கோப்பிக்கடையில உக்காந்து கண்டுபிடிச்சது. அதனால பீஸ் கெடையாது.

பாமர் ரோட்டுக்குப் போனா சாட்சியப் பாக்கலாம். அங்கன ஹபீப் நூஹ் அவுலியாவோட சமாதி இருக்கு. 1819-ல ராஃபிள்ஸ் வந்து எறங்கின கொஞ்ச காலத்துல இங்க வந்து சேர்ந்தவர்னு சொல்லுவாங்க. பிள்ளைகன்னா உசுரு. பணக்காரன் கடைக்குள்ள போவாராம், கல்லாவுல கைய விட்டு காச எடுத்து தெருவுல நிக்கிற பிள்ளைகளுக்கு வீசுவாராம். கடைக்காரன் வாயத் தொறக்க மாட்டான், அன்னைக்கு யாவாரம் ரெட்டிப்பாகுமாம். வெள்ளைக்காரன் பிடிச்சு ஜெயில்ல போட்டா, ஜெயிலுக்கு வெளிய காத்தாட நடந்துக்கிட்டு இருப்பாராம். கதைதான். ஆனா இப்படி ஒரு கதை உன்னைப் பத்தியோ என்னைப் பத்தியோ யாராவது சொல்லுதாங்களா?

தனியா உக்காந்து தியானம் பண்ண அவருக்குப் பிடிச்ச எடம் கடலப் பாத்த அந்தப் பாமர் குன்று. 1866-ல காலமானார். வேற எடத்துல அடக்கம் பண்ணலாம்னு தூக்கினா சந்தூக்கு அசையலையாம். 'குன்றுக்குக் கொண்டு போகச் சொன்னாரே'ன்னு யாரோ நினைவுபடுத்தின பொறவுதான் லேசாச்சாம். 1890-ல அல்சகோஃப் குடும்பத்து சையது முகமது அதுக்கு மேல கட்டடம் எழுப்பினார். கீழ ஒட்டிக்கிட்டு இருக்கிற ஹாஜி முகம்மது சாலிஹ் பள்ளிவாசல் 1903-ல வந்தது.

அதே குன்று மேல பீரங்கியும் இருந்துச்சு மருமவனே! பாமர் கோட்டைன்னு பேரு. துறைமுகத்தோட கெழக்கு வாசலுக்குக் காவலா வெள்ளைக்காரன் மண்மேடு போட்டு பீரங்கிய ஏத்தி வச்சிருந்தான். ஒரே குன்றுல இந்தப் பக்கம் அவுலியா, அந்தப் பக்கம் பீரங்கி. மண்வெட்டி வந்துச்சு. பீரங்கி எறங்கிப் போயிருச்சு, கோட்டை போயிருச்சு, பார்சிக்காரங்க கல்லறையும் பொறவு வேற எடத்துக்குப் போயிருச்சு. தோசைய நாலு பக்கமும் பிச்சுத் தின்னுட்டு நடுவுல ஒரு துண்டு விட்டு வச்ச கணக்கா, அவுலியா படுத்திருந்த எடம் மட்டும் நிக்கி. 49 படின்னு சொல்லுவாங்க. நீ ஜிம்முக்கு மாசாமாசம் காசு கட்டுதவன், ஏறி எண்ணிப் பாரு.

பக்கத்துல மேம்பாலம் போட்டப்ப மண்வாரி எந்திரம் நின்னு போச்சுன்னு ஒரு கதை உண்டு. எஞ்சினியர்கிட்ட கேட்டா சிரிப்பான். சிரிக்கட்டும். ஆனா பாலம் ஓரமா ஒதுங்கித்தான் போயிருக்கு.

எங்க ஐயா ஹார்பர் போர்டுல மூட்டை தூக்கச் சேர்ந்த அன்னைக்கு கியோங் சைக் தெரு லயன் சித்தி விநாயகருக்கு ஒரு தேங்காயும், அப்படியே நடந்து வந்து இந்த அவுலியாவுக்கு ஒரு பொட்டலம் சக்கரையும் வச்சுட்டுத்தான் போனாராம். வார்ஃபுல வேலை பாத்த நம்ம ஆளுகள்ல பாதிப்பேரு அப்படித்தான். கடையநல்லூர், தென்காசி சாயபுமாரு அந்தக் காலத்துல தஞ்சோங் பகாரச் சுத்தித்தான் குடியிருந்தாங்க. 1941-ல கடையநல்லூர் முஸ்லிம் லீக்குன்னு சங்கம் வச்சு, 1946-ல உமறுப் புலவர் பேருல தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினாங்க. ஊர்ல குற்றாலத்துத் தண்ணிய ஒண்ணாக் குடிச்சவன் இங்க வந்து குன்றப் பங்கு போடுவானா? கப்பல்ல சங்கிலி அறுந்து தலைக்கு மேல பெட்டி ஆடுத நேரத்துல, எந்தச் சாமி பேரு மொதல்ல வாயில வருதோ அதுதான் சாமி.

இப்ப அவுலியாவும் பீரங்கியும் இல்லாத கல்லுக்கு என்ன ஆச்சுன்னு கேளு. சிங்கப்பூர் ஆத்து வாயில ஒரு பாறை நின்னுச்சு. ஆள் ஒசரத்த விட ஒசரம், முழுக்க எழுத்து. படாங்னு ஒரு மலாய் பயில்வான் கோட்டைக் குன்றுல இருந்து தூக்கி வீசின கல்லுன்னு அவங்க கதை. அந்தக் கதையில கலிங்கத்து ராசா ஏழு கப்பலோட ஒரு பயில்வான அனுப்பி வைப்பார். நம்ம பக்கத்து ஆளாச்சேன்னு நானும் ஆசையாக் கேட்டேன். தோத்துட்டான். சவத்த விடு. அந்தக் கல்ல 1843-ல வெள்ளைக்காரன் வெடி வச்சுத் தகத்துட்டான். வழி அகலமாகணுமாம், கோட்டைக்காரனுக்கு வீடு கட்ட எடம் வேணுமாம். ஒரு துண்டு மட்டும் மியூசியத்துல இருக்கு. என்ன எழுத்துன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் முழுசாப் படிக்கல. 2019-ல அயன் சின்க்ளேர்னு ஒரு ஆராய்ச்சிக்காரர், அதுல 'கேசரிவ'ன்னு இருக்கலாம், சோழ ராசாக்கமாரோட பரகேசரிவர்மன் பட்டமா இருக்கலாம்னு ஒரு யூகத்தச் சொன்னார். யூகந்தான், உடனே வாட்ஸப்புல பறக்க விட்டுராத. ராசா எழுத்தாவே இருந்தாலும் என்ன? ராசா எழுத்து வெடிமருந்துக்கு முன்னால நிக்கல, சக்கரைப் பொட்டலம் வாங்குத அவுலியா நின்னுட்டார்.

முன்ஷி அப்துல்லா, தமிழ் ரத்தமும் அரபு ரத்தமும் கலந்த மனுசன், மலாய்ல தன் கதைய எழுதினவர், அந்தக் கல்லு போனதுக்கு அப்படி ஆத்தாமைப்பட்டு எழுதியிருக்கார். புலம்பினது அவர் ஒருத்தர்னுதான் தோணுது. மத்தவங்க அகலமான வழியில தோணிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த அஞ்சு வருசத்துல இன்னொண்ணு. கெப்பல் துறைமுகத்தோட மேக்கு வாசல்ல, லாப்ரடோர் முனையை ஒட்டி கடலுக்குள்ள இருந்து ஒரு பாறை பல்லு கணக்கா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வாங் தாயுவான்னு சீனத்து வியாபாரி 14-ஆம் நூத்தாண்டுல எழுதி வச்ச டிராகன் பல் வாசல் இதுதான்னு பலபேரு சொல்லுதாங்க. மலாய்க்காரங்களுக்கு பத்து பெர்லாயார். கடலோடிகளுக்கு அதுதான் கைகாட்டி. நீராவிக் கப்பல் வந்துச்சு, வாசல் எடக்குன்னு 1848-ல வெள்ளைக்காரன் வெடி வச்சுட்டான். 2005-ல செங் ஹோ கடற்பயணத்துக்கு 600 வருசம்னு சொல்லி அதே கரையில ஒரு மாதிரிப் பாறைய நட்டாங்க. இருந்தத வெடிச்சிட்டு இல்லாததச் செஞ்சு வைக்கிறதுல மனுசனுக்கு ஈடு கெடையாது.

அந்த மாதிரிப் பாறைக்குப் பக்கத்துலதான், மருமவனே, நீ இல்லைன்னு சொன்ன அசல் சரக்கு நிக்கி. லாப்ரடோர் குன்று. இந்தப் பெரிய தீவுல சனங்க போய்ப் பாக்கக் கூடிய ஒரே கடலோரச் செங்குத்துப் பாறை. டைனோசார் காலத்து மணல் கல்லாகி, ஒரு பக்கமாச் சரிஞ்சு, மேல மரம் வேர விட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கு. கீழ தண்ணி வத்துத நேரத்துல கடற்புல்லு தெரியும், பவளம் தெரியும். உன் ஆபீசுல இருந்து ஊட்ரம் பார்க், ஹார்பர்ஃபிரண்ட்டு, அங்க மாறி ரெண்டாவது ஸ்டேசன். பொறவு கொஞ்சம் நடை. பாலிக்குப் போறப்ப ஏர்போர்ட்டுக்கு ஆகுத டாக்சிக் காசுல ஒரு வருசத்துக்கு இங்க போயிட்டு வரலாம்.

இது எப்படிப் பொழச்சுது? பீரங்கி! 19-ஆம் நூத்தாண்டுக் கடைசியில இருந்து அங்க பாசிர் பாஞ்சாங் கோட்டை. எதிர்க்க செந்தோசாவுல சிலோசோ கோட்டை. அதுக்குக் கீழயும் தஞ்சோங் ரிமாவ்னு ஒரு கடற்பாறை, அதும் பொழச்சுக் கெடக்கு. பட்டாளத்துக்காரன் வேலி போட்டு 'உள்ள வராத'ன்னு சொன்னதுல மரமும் பாறையும் நிம்மதியா வளந்துச்சு. பீரங்கி செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான். கடல் வழியா எதிரி வருவான்னு கண்ண விரிச்சு உக்காந்திருந்தான் வெள்ளைக்காரன். ஜப்பான்காரன் மலாயாக் காட்டு வழியா சைக்கிள்ல வந்து ஜொகூர் பக்கமா நுழைஞ்சான். சில பீரங்கிய நிலத்துப் பக்கம் திருப்பிச் சுட்டும் பாத்தாங்க. 1942 பிப்ரவரி 15 அன்னைக்கு எல்லாம் முடிஞ்சுது.

பீரங்கி போன பொறவு லாப்ரடோர் பட்ட பாட்டையும் கேளு. 1951-ல இயற்கை வனக் காப்பகம்னு பட்டம் குடுத்தாங்க. 1973-ல பட்டத்தப் பறிச்சு வெறும் பூங்கான்னு எறக்கிட்டாங்க. 2002-ல மறுபடியும் காப்பகம். உன் ஆபீசுல நடக்குத பதவிக் கூத்து பாறைக்கே நடந்திருக்கு, நீ இந்த வருசம் பிரமோசன் வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியாம். அது இருபத்தொம்பது வருசம் பொறுத்துச்சு. அதுக்குக் கோடிக்கணக்கான வருச அனுபவம் வேற.

நீ வெவரமான பய, 'திருகோணமலையில சாமிதான தோத்துச்சு'ன்னு கேப்ப. ஆமா. கோணேசர் மலை, கடல் மேல செங்குத்தா நிக்கிற பாறை, ராவணன் வெட்டுன்னு பொளந்து கெடக்கிற எடம், நம்ம சம்பந்தர் பதிகம் பாடின கோயில். 1620-கள்ல போர்த்துகீசியன் கோயில இடிச்சு, அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினான். அங்க பீரங்கி ஜெயிச்சுது, வாஸ்தவம். ஆனா 1950-கள்ல போன சாமியில சிலது மண்ணுல இருந்து வெளிய வந்துச்சு, கோயில் திரும்ப எழும்பிச்சு. இன்னைக்கு கோணேசரப் பாக்கப் போறவன் கோட்டை வாசல் வழியாத்தான் போகணும். கோட்டை சாமிக்கு வாசக்காவல் நிக்கி. நான் சொன்ன சட்டத்துல ஒரு திருத்தம் வேணும்னா போட்டுக்கோ, முந்நூறு வருசம் பொறுக்கணும்னு.

குன்றுக்கு மட்டுமா இந்தச் சட்டம்? ஆளுக்கும் அதான். தஞ்சோங் பகார்ல வேலை பாக்க, அந்த முனையோட கதை தெரியாம இருக்க. முன்னொரு காலத்துல கடல்ல இருந்து வாள்மீன் கூட்டம் துள்ளித் துள்ளி வந்து கரையில நின்ன சனங்களக் குத்திச்சாம். ராசா என்ன செஞ்சார்? சனங்களையே வரிசையா நிறுத்தி, அவங்க கால வச்சு வேலி கட்டினார். மேனேஜர் மூளை! கொத்துக் கொத்தா செத்தாங்க. ஒரு சின்னப் பையன் வந்து, 'ராசா, வாழைத்தண்ட நட்டு வேலி போட்டா என்ன?'ன்னான். போட்டாங்க. மீனோட மூக்கு தண்டுல குத்தி மாட்டிக்கிச்சு. வெட்டித் தள்ளிட்டாங்க. ஊரே பிழைச்சுது. அப்புறம் மந்திரிமார் ராசா காதுல, 'இந்த வயசுலயே இம்புட்டு புத்தின்னா, வளந்தா என்ன ஆவான்?'ன்னு ஓதினாங்க. பையனக் கொன்னுட்டாங்க. அந்த ரத்தம் ஓடித்தான் பக்கத்துல உள்ள புக்கித் மேரா செவந்துச்சுன்னு இங்க உள்ளவங்க சொல்லுவாங்க. மலாய் ராசாக்கமாரு வரலாத்துல இருக்கிற கதைலே இது.

அந்தப் பையன்கிட்ட அவுலியாவும் இல்ல, பீரங்கியும் இல்ல. புத்தி மட்டும் இருந்துச்சு. நீ போன மாசம் மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு, இருபது பேரு செய்யுத சோலிய நாலு பேரு செஞ்சிரலாம்னு கணக்குப் போட்டுக் காட்டினியாம். மேலாளர் கைதட்டினாராம். அந்த நாலு பேருல நீ இருக்கியான்னு கேட்டியா? வாழைத்தண்டு யோசனைய வாயில வச்சுக்கிட்டு, மொதல்ல ராசா யாருகிட்ட காதக் குடுக்கார்னு பாரு. யோசனைய மந்திரி வாயால சொல்ல வை. பேரு அவனுக்குப் போகட்டும், கழுத்து உனக்கு இருக்கட்டும்.

இம்புட்டும் சொல்லிட்டு ஒசரத்துல இருந்து கடல் பாக்க வழி சொல்லாம விட்டா நீ ஏசுவ. ரெண்டு வழி இருக்கு. செந்தோசாவுல சிலோசோ கோட்டைக்குப் போற வானத்துப் பாலம், 181 மீட்டர் நீளம், பதினோரு மாடி ஒசரம், காசு கெடையாது. எனக்குப் பிடிச்சது அதான், காரணம் சொல்ல வேண்டாம். இன்னொண்ணு கன்டோன்மென்ட் ரோட்டு பினக்கல். ஏழு கட்டடம், அம்பது மாடி, 2009-ல முடிச்ச வீவக வீடு. அம்பதாவது மாடியில ஏழையும் சேத்துக் கட்டின பாலத்துல ஏறி நின்னா தெக்க கடல், துறைமுகம், தீவு எல்லாம் விரிஞ்சு கெடக்கும். வெளியாளுக்கு ஆறு வெள்ளி. அதுல மொத்தம் எத்தனை வீடு தெரியுமா? 1,848. டிராகன் பல் பாறைய வெடிச்ச வருசம் 1848. கணக்கு நேராயிருச்சுன்னு நான் சொல்லுதேன். தற்செயல்னு நீ சொல்லுவ. இஞ்சினியரிங் படிச்சவன் அப்படித்தான் சொல்லணும்.

மேல நின்னு கீழ பாத்தா தஞ்சோங் பகார் கண்டெய்னர் முனையம் தெரியும். 1864-ல டாக் கம்பெனியா ஆரம்பிச்ச எடம். 1972 ஜூன் 23-ல நிஹோன்னு ஒரு கப்பல் பெட்டி பெட்டியாச் சுமந்து வந்து நின்னுச்சு. தென்கிழக்காசியாவுலயே மொத கண்டெய்னர் முனையம் அதுதான். நாள்கணக்குல முதுகுல எறக்குத சரக்க கிரேன் மணிக்கணக்குல எறக்கிச்சு. மண்டோர் வாயப் பொளந்துக்கிட்டு நின்னான். எங்க முதுகுக்கு அன்னைக்குத்தான் விடுதலை, சம்பளத்துக்கும். இப்ப அந்த முனையமும் மூட்டை கட்டுது. 2027 வாக்குல இங்க உள்ள நகர முனையமெல்லாம் துவாசுக்குப் போயிரும். அங்க என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? 28 மீட்டர் ஒசரத்துல கான்கிரீட்டுப் பெட்டி 221, ஒவ்வொண்ணும் பத்து மாடி வீடு, கடலுக்குள்ள வரிசையா நட்டுச் செவர் எழுப்பிட்டாங்க. கடலோரக் குன்ற ஒண்ணொண்ணா வெட்டின நாடு, வெட்டக் குன்று தீந்து போனதும் கடலுக்குள்ள புதுசா செங்குத்து நட்டுருக்கு. பெடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றையெல்லாம் 1960-கள்லயே வெட்டி பெல்ட்டுல ஏத்திக் கிழக்குக் கரைக்கு அனுப்பியாச்சு. பொறவு பக்கத்து வீட்டு மணல வாங்கினாங்க. மலேசியாக்காரன் 1997-ல நிறுத்தினான், இந்தோனேசியாக்காரன் 2007-ல. 1960-கள்ல 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த நாடு இன்னைக்கு 730-ஐத் தாண்டிருச்சு. குத்தம் சொல்லல. நீயும் நானும் உக்காந்திருக்கிறதுக்கு எடம் வேணும்லா.

இப்ப நெசமான சோலிக்கு வாரேன். உங்க அம்மை சொன்ன மூணாவது சங்கதி. நீங்க ரெண்டு பேரும் நிரந்தரவாசம் வாங்கிட்டியளாம், பாலியில இருந்து வந்ததும் வீடு பாக்கப் போறியளாம், 'கடல் தெரியுத வீடா இருக்கணும்'னு உன் வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்காளாம். முனையம் காலியான பொறவு பாசிர் பாஞ்சாங்ல இருந்து மரீனா ஈஸ்ட் வரைக்கும் 30 கிலோமீட்டர் கடற்கரையில புதுசா ஊரு வரப் போகுது, 2,000 ஹெக்டேர். புரோக்கர் வருவான். இஸ்திரி போட்ட சட்டை, கையில ஐபேடு, படத்துல நீலக் கலர்ல கடல், பால்கனியில நீ. கடல் தெரியுததுக்குன்னு தனியா ஒரு தொகை சொல்லுவான். நீ வாய மூடிக்கிட்டு அவனை ஒரு கோப்பிக்குக் கூப்பிடு. தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிட்டுப் போ. தர்கா படியில உக்கார வச்சு, "கடல் எந்தப் பக்கம்ணே?"ன்னு கேளு. அவன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுச் சிரிச்சான்னா, அவன்கிட்டயே வாங்கு, வெல கொறைப்பான். சிரிக்காம போன எடுத்து மேப்புல தேடினான்னா, கோப்பிக்குக் காசு அவன் தலையில கட்டிட்டு எந்திரிச்சு வந்துரு.